புதிய தத்துப்பூச்சிச் சிற்றினத்தை உடலமைப்பால் விவரிப்பது எப்படி?

வலையில் சிக்கியது, செடிகளின் சாற்றை உறிஞ்சித் தத்தித் திரியும் சிறு பூச்சியான தத்துப்பூச்சிதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னங்காலின் கணைப்பகுதி நெடுகிலும் முட்கள் வரிசையாக நின்றால் அது தத்துப்பூச்சிகளின் சிக்காடெல்லிடே குடும்பம். கணையின் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருந்தால் அது புகையான் வகை, ஒதுக்கிவிடலாம்.

அடுத்து உடலின் நீளம், தலையின் வடிவம், முன்சிறகின் நரம்புகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தனிக்கண்கள் (கூட்டுக்கண்கள் அல்லாத சிறு எளிய கண்கள்) முகத்தில் உள்ளனவா, தலையின் விளிம்பிலா, உச்சியிலா என்பது துணைக்குடும்பத்தை அறியப் பெரிதும் உதவும். நிறத்தையும் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நெல் வயலின் நெஃபோடெட்டிக்ஸ் பேரினத்தில், நிக்ரோபிக்டஸ் சிற்றினத்தின் தலையில் குறுக்காகக் கருப்புப் பட்டை ஓடும், துங்ரோ என்னும் நெற்பயிர் வைரஸ் நோயைப் பரப்பும் வைரசென்ஸ் சிற்றினத்தில் அது இராது. இவ்வளவு தெளிவான நிற அடையாளம் எல்லாப் பேரினங்களிலும் கிடைப்பதில்லை, பாடம் செய்த பூச்சியின் பச்சையும் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.

முடிவைச் சொல்வது பெரும்பாலும் ஆண் பூச்சியின் பிறப்புறுப்பே. வயிற்றுப்பகுதியை மெல்லிய ஊசியால் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊற வைத்தால், சதை கரைந்து கைட்டின் என்னும் கடினப் பொருளாலான உறுப்புகள் மட்டும் எஞ்சும். சூடாக்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும் என்றாலும், கவனம் தப்பினால் மெல்லிய பகுதிகள் குலைந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீரில் நன்கு அலசி, குழிவான கண்ணாடி வில்லையில் கிளிசரின் சொட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். வெளியே பைகோஃபர் என்னும் உறையும் அதன் கீழ்த்தட்டுகளும் தெரியும். உள்ளே ஸ்டைல் என்னும் ஒரு ஜோடிச் சிறு உறுப்புகள், அவற்றை இணைக்கும் கனெக்டிவ், நடுவில் ஆண்குறியான ஏடியாகஸ். இந்த ஏடியாகசின் வளைவு, நுனி, முட்களின் எண்ணிக்கை ஆகியவையே நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்துக் காட்டும். எனவே அதைப் பக்கவாட்டிலும் பின்புறமிருந்தும் தனித்தனியே வரையுங்கள்.

அதற்காக ஒற்றை ஆணை வைத்து அவசரப்பட வேண்டாம். ஐரோப்பாவின் யூசெலிஸ் பேரினத்தில் ஏடியாகசின் வடிவத்தை வைத்துத் தனிச் சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டவை, பகல் நேரத்தின் நீளத்துக்கேற்ப உருவாகும் பருவ வடிவங்களே என்று 1950களில் பூச்சியியலாளர் ஹெச். ஜே. முல்லர் வளர்ப்புச் சோதனைகளால் காட்டினார். ஒட்டுண்ணி தாக்கிய ஆண்களிலும் உறுப்புகள் சிறுத்துத் திரிந்திருக்கும். இயன்றவரை வெவ்வேறு பருவங்களில் பிடித்த பல ஆண்களை ஒப்பிடுங்கள். பெண் பூச்சியை மட்டும் வைத்துப் புதுப்பெயர் சூட்டுவது, என் கருத்தில், அடுத்து வருபவருக்குத் தலைவலியை விட்டுச்செல்வதாகும்.

அறியப்பட்ட சிற்றினங்கள் அனைத்திலிருந்தும் வேறுபடுவது உறுதியானால், ஓர் ஆணை ஹோலோடைப்பாக, அதாவது புதுப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியாகத் தேர்ந்து, அது எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் என்பதையும் கட்டுரையில் எழுத வேண்டும். 1999க்குப் பிந்தைய பெயர்களுக்கு இது விலங்கியல் பெயரிடல் விதி. எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்னும் பத்தி விவரணையைவிட முக்கியமானது. கழற்றிய வயிற்றுப்பகுதியைக் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, அதே பூச்சியைக் குத்திவைத்த ஊசியிலேயே செருகிவையுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் முன்கூட்டியே விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் இணையப் பதிவேட்டில் பதிந்து, அதற்கான சான்றைக் கட்டுரையிலேயே தர வேண்டும்.