கல்யாணத்தைப் பற்றி ஒரு துப்பாக்கிப் படம்: பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்' வந்தது 2005-இல். டக் லைமன் இயக்கம். பிராட் பிட், ஏஞ்சலினா ஜோலி நடிப்பு. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு பதில்தான் வருகிறது. ஒருவர், "கொஞ்சமும் நம்ப முடியாத படம்" என்பார். இன்னொருவர், "ஆக்‌ஷன் படத்தில் லாஜிக் பார்க்காதே" என்பார். இரண்டுமே தவறு என்று நினைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. அதே படத்தில் என்னால் ஏற்கவே முடியாத ஓர் இடமும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். முடிவு வரை பேசப்போவதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஜான், ஜேன் இருவரும் நியூயார்க் புறநகரில் பெரிய வீட்டில் வாழும் தம்பதி. இருவருமே கூலிக்குக் கொலை செய்பவர்கள். ஆனால் ஒருவர் தொழில் மற்றவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஒருவரையொருவர் கொல்லப் பார்க்கிறார்கள்.

முதல் தவறு, குண்டுகளை எண்ணிக்கொண்டு உட்காருவது. இத்தனை பேர் சுடுகிறார்கள், ஒன்றுகூட ஏன் சரியாகப் படவில்லை? கேள்வி நியாயமானதுதான். ஆனால் பத்துப் பேரை ஒற்றை ஆளாக அடிக்கும் கதாநாயகனை நாம் எவ்வளவு காலமாகப் பார்த்து வருகிறோம்! அது இந்த வகைப் படத்தின் ஒப்பந்தம். டிக்கெட் வாங்கும்போதே அதற்குச் சம்மதித்துவிட்டோம்.

இந்தப் படத்தில் அளந்து பார்க்க வேண்டியது கல்யாணத்தை. முதல் பாதியில் அது அபாரமாக வந்திருக்கிறது. ஜேன் புதிதாகத் திரைச்சீலை வாங்கி மாட்டுகிறாள். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறாள். பிடிக்கவில்லை என்கிறான் ஜான். பழகிவிடும் என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. துப்பாக்கி இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாருடைய பேச்சும் யார் காதிலும் விழுவதில்லை என்பது அதற்குள் புரிந்துவிடுகிறது.

அதைவிடச் சிறந்தது சாப்பாட்டு மேசைக் காட்சி. அவள் யார் என்று ஜானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒயின் ஊற்றுகிறவன் வேண்டுமென்றே பாட்டிலை நழுவவிடுகிறான். அது தரையைத் தொடும் முன் அவள் கை தானாகப் பாய்ந்து பிடிக்கிறது. காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று உணர்ந்ததும் அப்படியே கீழே விடுகிறாள். கம்பளமெல்லாம் கறை. வருடக்கணக்கில் மறைத்த ஒன்று ஒரே நொடியில், அதுவும் சாப்பாட்டு மேசையில் வெளியே வருகிறது. கொலையாளிகள் இல்லாத வீடுகளிலும் உண்மை இப்படித்தானே வெளிப்படுகிறது?

அப்புறம்தான் நான் ஏற்க முடியாத இடம். வீட்டுக்குள் இருவரும் சுட்டுக்கொள்கிறார்கள், கையால் அடித்துக்கொள்கிறார்கள். விழுந்து கிடக்கிறவளை அவன் உதைக்கிறான். அவளும் திருப்பிக் கொடுக்கிறாள். கடைசியில் துப்பாக்கியை நீட்டியபடி நின்று, சுட முடியாமல் கட்டியணைக்கிறார்கள். அப்புறம் இடிபாடுகளுக்கு நடுவில் புது மணமக்களைப் போலச் சிரிக்கிறார்கள். "லாஜிக் பார்க்காதே" என்ற வாதம் இங்கேதான் தவறாகிறது. குண்டு படாமல் தப்புவது வெறும் சினிமா வழக்கம். அடிதடி அன்பாக மாறும் என்பது கல்யாணத்தைப் பற்றிப் படம் நம்மிடம் சொல்லும் ஒரு கருத்து. இருவரும் சமபலம் உள்ளவர்கள், அதனால் பரவாயில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் எத்தனை பெண்களைப் பொறுத்துப்போக வைத்திருக்கிறார்கள்! அதே எண்ணம் அழகான விளக்கொளியில் வந்தால் மட்டும் கைதட்ட என்னால் முடியாது.

கார் துரத்தல் வந்ததும் போனைப் பார்ப்பதும் தவறுதான். படத்தின் நேர்மையான உரையாடல் அங்கேதான் இருக்கிறது. இருவரையும் வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களே அவர்களைக் கொல்ல ஆள் அனுப்பிவிடுகின்றன. அந்த எதிரிகள் பின்னால் துரத்தி வர, இருவரும் ஒவ்வொரு பொய்யாக ஒப்புக்கொள்கிறார்கள். தனக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆனது என்கிறான் அவன். கல்யாணத்தில் அப்பாவாக வந்து தன்னைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் சம்பளத்துக்கு வந்த நடிகர் என்கிறாள் அவள். எதிரிகள் சுடுவதைவிட இந்த வாக்குமூலங்கள்தான் அவர்களை அதிகம் உலுக்குகின்றன.

நடிகர்களின் சொந்த வாழ்க்கையைப் படத்துக்குள் தேடுவதை விட்டுவிடுங்கள். அதனால் ஒரு காட்சியும் கூடுதலாகப் புரியப்போவதில்லை. 1941-இல் இயக்குநர் ஹிட்ச்காக் இதே பெயரில் எடுத்த படத்தின் மறு ஆக்கம் இது என்று நினைப்பதும் தவறு. அது தங்கள் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று தெரிந்துகொள்ளும் தம்பதியைப் பற்றிய நகைச்சுவைப் படம். அதில் கூலிக்கொலையாளிகளே கிடையாது.

முடிவைச் சரிபார்க்காமல் எழுந்து போகாதீர்கள். படம் தொடங்குவது தம்பதிகளுக்கான ஆலோசகர் அறையில். 1 முதல் 10 வரை எவ்வளவு மகிழ்ச்சி என்று அவர் கேட்கிறார். இருவரும் 8 என்கிறார்கள். அந்தத் தயக்கமும் பார்வையும் பொய்யை அப்படியே காட்டிவிடுகின்றன. கடைசியில் அதே அறைக்குத் திரும்புகிறார்கள், மலர்ந்த முகத்தோடு. இடையில் நடந்தது என்ன? வீட்டு அலங்காரப் பொருள் கடை ஒன்றில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். கொல்லத் துரத்தியவர்கள் அப்புறம் ஏன் வரவில்லை என்று படம் சொல்லவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். எதிரி போன பிறகு, திரைச்சீலை பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் இனி அவள் கேட்பாளா? அதுவும் சொல்லப்படவில்லை. பொது எதிரி இருந்தால் எந்த இருவரும் ஒன்றுசேர்வார்கள். படம் அதைக் கல்யாணத்துக்கு மருந்தாகக் காட்டுகிறது. முதல் பாதியை அவ்வளவு கவனமாக எழுதியவர்கள் இங்கே அவசரப்பட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2024-இல் இதே பெயரில் 8 பகுதிகள் கொண்ட தொடர் வந்தது. டொனால்ட் குளோவரும் மாயா எர்ஸ்கினும் நடித்தார்கள். வேகம் குறைவு என்று அதை முதல் பகுதியோடு நிறுத்திவிடுவது கடைசித் தவறு. அங்கே முன்பின் தெரியாத இருவரை அவர்களை வேலைக்கு எடுத்த நிறுவனமே கணவன் மனைவியாகச் சேர்த்துவைக்கிறது. பேசி முடித்த கல்யாணங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தொடக்கம் அந்நியமாகத் தெரியாது. முதல் சந்திப்பு, முதல் பயணம் என்று ஒவ்வொரு பகுதியும் அவர்கள் உறவின் ஒவ்வொரு கட்டத்தை எடுத்துக்கொள்கிறது. ஆலோசகர் முன் உட்காரும் பகுதியும் உண்டு. படம் சீக்கிரமே கடந்துபோன அந்த அறையில் தொடர் நிதானமாக உட்கார்ந்து, இருவரையும் பேசவிடுகிறது.