உயிர்த்தெழுதலின் பொருளை வேதாகமத்திலிருந்து கற்பது எப்படி

உயிர்த்தெழுதலைக் கற்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் வெறுமையான கல்லறையின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைப்பது 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை. பவுல் ஏறத்தாழ கி.பி. 55இல் எபேசுவிலிருந்து எழுதிய இந்த நிருபம், பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பில், நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது. கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவுக்கும்) பன்னிரண்டு சீஷருக்கும் தரிசனமானார் என்னும் செய்தியைத் தாமும் பெற்றுக்கொண்டே ஒப்புவித்ததாகப் பவுல் அங்கே கூறுகிறார். ஆகவே அந்த வரிகள் நிருபத்தைக் காட்டிலும் பழைமையானவை. ஐம்பத்தெட்டு வசனங்களையும் இடையில் நிறுத்தாமல், முடிந்தால் உரத்த குரலில், ஒரே அமர்வில் வாசியுங்கள்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒரு தாளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கொரிந்து சபையில் சிலர் மறுத்தது எது என்பதை 12ஆம் வசனத்தில் கவனிக்க வேண்டும். கிறிஸ்து எழுந்தார் என்ற பிரசங்கத்தை ஏற்றுக்கொண்ட சபையிலேயே, மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லையென்று சிலர் சொன்னார்கள். இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது என்பதுதான் பவுலின் வாதம். 13 முதல் 19 வரையுள்ள வசனங்களில் 'கிறிஸ்து எழுந்திராவிட்டால்' என்ற நிபந்தனையிலிருந்து அவர் பெறும் விளைவுகளை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள்: பிரசங்கம் வீண், விசுவாசம் வீண், அப்போஸ்தலர் பொய்ச்சாட்சிகள், பாவங்கள் இன்னும் நீங்கவில்லை, கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்கள் கெட்டுப்போனார்கள், விசுவாசிகளோ எல்லா மனுஷரிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்கள். இந்தப் பட்டியலை எழுதி முடித்தவருக்கு, உயிர்த்தெழுதல் விசுவாசத்தின் ஓரத்தில் சேர்க்கப்பட்ட மகிழ்ச்சியான பின்னிணைப்பு என்ற எண்ணம் நிச்சயமாக மாறிவிடும்.

அடுத்ததாக, அடிக்கடி கலந்துபோகும் மூன்று கருத்துகளைப் பிரித்தறிய வேண்டும்: மரித்தவர் பழைய வாழ்வுக்குத் திரும்புதல், உயிர்த்தெழுதல், ஆத்துமா மட்டும் பிழைத்திருத்தல். எனக்குத் தெரிந்தவரை, போதனைகளில் காணப்படும் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. லாசருவும், நாயீன் ஊர் விதவையின் மகனும், யவீருவின் மகளும் மறுபடியும் உயிர்பெற்றார்கள்; ஆயினும் அவர்கள் திரும்பியது மரணத்துக்கு உட்பட்ட பழைய வாழ்வுக்கே. கிறிஸ்துவைக் குறித்தோ, ரோமர் 6:9, 'மரணம் இனி அவரை ஆண்டுகொள்ளுவதில்லை' என்கிறது. யோவான் 11:44ஐயும் 20:6-7ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: லாசரு பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டவனாக வெளியே வருகிறான், பிறர் அவனைக் கட்டவிழ்க்க வேண்டியிருக்கிறது, இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் மாத்திரம் கிடக்கின்றன. மறுபுறம், சரீரம் அழிந்தாலும் ஆத்துமா பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கை பல சமயங்களிலும் தத்துவங்களிலும் உண்டு; அது மட்டும் கிறிஸ்தவ நம்பிக்கை ஆகாது. 'சரீரம் உயிர்த்தெழுதலையும்' என்று சபையின் பழைய விசுவாச அறிக்கையான அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் அறிக்கையிடுவது, தேவன் படைத்த மனிதனை முழுமையாக மீட்கிறார் என்பதனால்தான்.

பழைய ஏற்பாட்டுப் பின்னணிக்கு தானியேல் 12:2 போதுமான தொடக்கம். எசேக்கியேல் 37இன் உலர்ந்த எலும்புகள் முதலாவது இஸ்ரவேலின் மறுவாழ்வைக் குறித்த தரிசனம் என்பதை மறவாமல் அதையும் வாசிக்கலாம். இயேசுவின் காலத்து யூதப் பிரிவினரில் சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள், பரிசேயர் ஏற்றார்கள். 'கடைசிநாளிலே' தன் சகோதரன் எழுந்திருப்பான் என்று லாசருவின் சகோதரி மார்த்தாள் சொன்னது அந்தப் பொதுவான எதிர்பார்ப்பே. கடைசி நாளில் அனைவருக்கும் நடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது, வரலாற்றின் நடுவில் ஒருவருக்கு நடந்தேறியது என்பதே அப்போஸ்தலர் அறிவித்த புதுமை. எனவேதான் பவுல் கிறிஸ்துவை 'முதற்பலன்' என்று அழைக்கிறார். லேவியராகமம் 23:10-11இன்படி அறுப்பின் முதற்கதிர்க்கட்டு ஓய்வுநாளுக்கு மறுநாளில் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டப்படும். முழு அறுப்பும் அதைத் தொடர்ந்து வரும்.

இதன் பிறகு சுவிசேஷங்களுக்கு வாருங்கள். நான்கையும் ஒன்றாகத் தைத்து ஒரே கதையாக்கும் ஆசையைத் தள்ளிவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். கல்லறைக்குச் சென்ற பெண்களின் பெயர்களும், அங்கே அவர்கள் கண்ட தூதர்களின் எண்ணிக்கையும் வேறுபடுகின்றன. இதை மறைக்கத் தேவையில்லை. வாரத்தின் முதல் நாள், வெறுமையான கல்லறை, முதலில் வந்தவர்களில் மகதலேனா மரியாள் என்பவற்றில் நான்கும் ஒத்துப்போகின்றன. எழுந்த அந்த நொடியை நால்வரில் ஒருவரும் வருணிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்குவின் மிகப் பழைய முழுப் பிரதிகளான, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் 16:8உடன், பெண்களின் நடுக்கத்தோடும் திகைப்போடும், முடிகின்றன.

தரிசனமான நிகழ்வுகளில் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். லூக்கா 24இல் அவர் தம் கைகளையும் கால்களையும் காட்டி, பொரித்த மீனைப் புசிக்கிறார். அதே அதிகாரத்தில், எம்மாவு வழியில் உடன் நடந்த இருவர் அவரை அறிந்துகொள்ளவில்லை, அறிந்துகொண்டதும் அவர் மறைந்துபோகிறார். யோவான் 20இல் கதவுகள் பூட்டியிருக்க நடுவே வந்து நிற்கிறவர், தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகிறார். அவர் ஆவியாகவும் தோன்றவில்லை, பழைய நிலைக்குத் திரும்பியவராகவும் தோன்றவில்லை. 1 கொரிந்தியர் 15:35-49இல் பவுல் விதையையும் முளைத்தெழும் சரீரத்தையும் கொண்டு விளக்குவது இதையே: தொடர்ச்சியும் உண்டு, மறுரூபமும் உண்டு. சிலுவையின் தழும்புகள் மகிமையடைந்த சரீரத்திலும் நீடிப்பதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். சிலுவையில் அறையப்பட்டவரையே பிதா எழுப்பினார். மனிதர் கொடுத்த மரணத் தீர்ப்பை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ரோமர் 4:25 நம்முடைய பாவங்களையும் நீதிமான்களாக்கப்படுதலையும் அவருடைய மரணத்தோடும் எழுப்பப்படுதலோடும் இணைத்துப் பேசுவதை இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். பின்பு ஞானஸ்நானத்தைப் பற்றிய ரோமர் 6ஐயும், சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்று சொல்லும் ரோமர் 8ஐயும் தொடருங்கள்.

குழுவாகக் கற்கிறீர்களானால், ஐயத்தை எழுப்புகிறவரை அவசரமாக அடக்காதீர்கள். எழுந்தவரைக் கண்டு பணிந்துகொண்ட இடத்திலேயே 'சிலரோ சந்தேகப்பட்டார்கள்' என்று மத்தேயு 28:17 ஒளிக்காமல் எழுதுகிறது.

துக்கத்தில் இருப்பவரிடம் இதைப் பேசும்போது இன்னும் அதிகக் கவனம் தேவை. 1 தெசலோனிக்கேயர் 4:13 அழுகையைத் தடைசெய்யவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றே சொல்லுகிறது. சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவரும் அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர்விட்டார். ஆகவே வசனத்தைச் சொல்லுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்திருங்கள். மரித்தவரின் பெயரைச் சொல்லி, அவரைக் குறித்து அவர்கள் பேச இடம் கொடுங்கள். 'நல்ல இடத்துக்குப் போய்விட்டார், அழாதே' என்ற ஆறுதல் மரணத்தைச் சிறிதாக்கிவிடுகிறது. பவுலோ மரணத்தைப் பரிகரிக்கப்பட வேண்டிய கடைசிச் சத்துரு என்றே அழைக்கிறார்.

கடைசியாக, 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் முடிந்தவுடன் வேதாகமத்தை மூடிவிடாதீர்கள். 58ஆம் வசனம் 'உங்கள் பிரயாசம் விருதாவாயிராது' என்று சொன்ன மாத்திரத்தில், அடுத்த வரியிலேயே எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பற்றிப் பவுல் பேசத் தொடங்குகிறார். அவரவர் தம் வரவுக்குத் தக்கதாக அதை எடுத்துவைக்கும்படி அவர் குறிப்பிடும் நாள், வாரத்தின் முதல் நாள்.