மரபுப் பிழை இல்லாத ஆங்கிலம்: கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்ட் தேர்வுக்குப் படிப்படியாகத் தயாராவது

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த எல்லோருக்கும் மரபுப் பிழை தெரியும். 'யானை கத்தியது' என்று எழுதினால் பொருள் புரியும். ஆனாலும் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'பிளிறியது' என்று எழுதுவார். பானை வனைவார்கள், கூடை முடைவார்கள், சுவர் எழுப்புவார்கள். மூன்றுக்கும் 'செய்வார்கள்' என்றே போட்டால், இவருக்குத் தமிழ் முழுதாக வரவில்லை என்று காது சொல்லிவிடும்.

கேம்பிரிட்ஜ் நடத்தும் உயர்நிலை ஆங்கிலத் தேர்வான சி1 அட்வான்ஸ்ட் பெரும்பாலும் சோதிப்பது இந்த மரபைத்தான். நான் ஆங்கில வழியில் படித்தவன், அலுவலகத்தில் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவன். அந்த நம்பிக்கையோடு முதல் மாதிரித் தாளை எழுதினேன். கோடிட்ட இடத்தில் ஒரு சொல் எழுதும் பகுதியில் எட்டுக்கு மூன்று. எனக்குத் தெரியாத பெரிய சொல் ஒன்றுகூட அதில் இல்லை. தவறியவை எல்லாம் 'ஆஃப்', 'இன்', 'அஸ்' போன்ற பொடிச் சொற்கள். அதன்பின் அகராதியை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டுப் படிக்கும் முறையையே மாற்றினேன். அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்களுக்கு இந்தத் தேர்வுதான் வேண்டுமா?

பணம் கட்டுவதற்கு முன் இதை உறுதி செய்யுங்கள். வெளிநாட்டில் செவிலியர் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். விசாவுக்கு எந்தத் தேர்வு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தையும் அந்த நாட்டின் குடிவரவுத் துறைப் பக்கத்தையும் நீங்களே திறந்து பாருங்கள், முகவர் சொன்னார் என்று விடாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணை வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஏற்பார்கள். சி1 சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் அண்மையில் எழுதியதாக இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்கலாம்.

ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. சி1 அதில் ஐந்தாவது. பி2 நிலையிலிருந்து அங்கே ஏற, வழிகாட்டுதலோடு படித்தால் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் தோராயக் கணக்கு. நாளுக்கு ஒரு மணி என்றால் ஏறக்குறைய ஏழு மாதம். ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கடிகாரத்தோடு ஒரு மாதிரித் தாள்

படிக்கத் தொடங்கும் முன்பே எழுதுங்கள். கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் இணையதளத்தில் மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாள் 90 நிமிடம், 8 பகுதி, 56 கேள்வி. எழுத்துத் தாள் 90 நிமிடம், இரண்டு கேள்விகள். கேட்டல் சுமார் 40 நிமிடம், 30 கேள்வி. பேச்சு, இரண்டு பேர் சேர்ந்து 15 நிமிடம்.

மதிப்பெண் கணக்கை இப்போதே புரிந்துகொண்டால் உழைப்பை எங்கே போடுவது என்று தெரியும். வாசிப்பு, மொழிப் பயன்பாடு, எழுத்து, கேட்டல், பேச்சு என ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண் வரும், ஒவ்வொன்றையும் கேம்பிரிட்ஜ் தன் பொது அளவுகோலுக்கு மாற்றித் தரும். ஐந்தின் சராசரியே உங்கள் முடிவு. 180 வந்தால் தேர்ச்சி, 193 வந்தால் பி கிரேடு, 200 வந்தால் ஏ கிரேடு. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பதில்லை. இதில் மொழிப் பயன்பாட்டு மதிப்பெண் முழுவதும் முதல் தாளின் 2, 3, 4ஆம் பகுதிகளிலிருந்தே வருகிறது. வெறும் 22 கேள்விகள், 28 மதிப்பெண், மொத்த முடிவில் ஐந்தில் ஒரு பங்கு! நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் அங்கேதான். அதனால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

படி 3: மரபு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் தனிச் சொல்லையும் அதன் பொருளையும் எழுதாதீர்கள். சொல்லை அதன் கூட்டாளியோடு எழுதுங்கள். மழைக்கு 'ஹெவி', தேநீருக்கு 'ஸ்ட்ராங்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் யானை கத்திய கதைதான். அச்சுறுத்தலுக்கு 'போஸ்', விழிப்புணர்வுக்கு 'ரெய்ஸ்', முடிவுக்கு 'ரீச்' அல்லது 'மேக்'. சில சமயம் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகும். கட்டணம் செலுத்துகிற மாதிரியே கவனமும் செலுத்துகிறோம், அவர்களும் 'பே அட்டென்ஷன்' என்கிறார்கள். இப்படிக் கிடைக்கிறவற்றை நோட்டில் நட்சத்திரம் போட்டு வையுங்கள், மறக்கவே மறக்காது.

ஒரு பதிவில் மூன்று வரி. முதல் வரி, நீங்கள் படித்த வாக்கியம், அப்படியே. இரண்டாவது, கூட்டாளிச் சொல்லின் கீழ் அடிக்கோடு. மூன்றாவது, அதே சேர்க்கையை வைத்து உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். நாளுக்கு ஐந்து போதும். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியைக் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 4: பொடிச் சொற்களும் வேற்றுமை உருபும்

இரண்டாம் பகுதியில் எட்டு இடங்கள், இடத்துக்கு ஒரே ஒரு சொல், தெரிவுகள் தரமாட்டார்கள். ஆங்கிலத்தில் முன்னிடைச் சொல் (ப்ரெபோசிஷன்) வைக்கிற இடத்தில் நாம் பெரும்பாலும் வேற்றுமை உருபோ சொல்லுருபோ வைக்கிறோம். அந்தப் பழக்கம்தான் நம்மைத் தவறாக இழுக்கிறது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் கை தானாக 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதும். 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும், 'பற்றி' அதற்குள்ளேயே இருக்கிறது. 'அறைக்குள் நுழைந்தேன்' என்பதால் 'என்டர் இன்டு த ரூம்' என்று வரும். அங்கே 'இன்டு' தேவையில்லை. இப்படி உங்களை இழுக்கிற தமிழ் உருபு எது என்று ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நாளில் உங்கள் பிழைகள் ஐந்தாறு வகைக்குள் அடங்குவது தெரியும்.

'எ', 'அன்', 'த' மூன்றும் தமிழில் இல்லாதவை, அதனால் வாசிக்கும்போது நம் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு பத்தியை நகலெடுத்து அவற்றை எல்லாம் அழித்துவிட்டு, மறுநாள் நீங்களே நிரப்புங்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனால் எனக்கு இதைவிட உதவியது வேறில்லை.

படி 5: பகுதி, விகுதி

மூன்றாம் பகுதியில் ஒரு வேர்ச்சொல்லைக் கொடுத்து இடத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்வார்கள். பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு விகுதி சேர்ப்பது புதிதல்ல. சிக்கல் முன்னால் சேர்வதில் இருக்கிறது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் பின்னால்தான் வரும்: வரவில்லை, தெரியாது, இயலாத. ஆங்கிலத்தில் 'அன்', 'இன்', 'டிஸ்', 'மிஸ்' என்று முன்னால் வந்து ஒட்டும். அதனால் வாக்கியம் முழுவதையும் படித்து, இங்கே பொருள் எதிர்மறையா என்று கேட்ட பிறகே விடையை எழுதுங்கள். 'எக்ஸ்பெக்ட்' கொடுத்திருந்தால் 'எக்ஸ்பெக்டட்லி' என்று நிறுத்திவிட்டு, வேண்டிய 'அன்எக்ஸ்பெக்டட்லி'யைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

படி 6: ஒரே கருத்து, வேறு வாக்கியம்

நான்காம் பகுதியில் ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். ஒரு வாக்கியமும் ஒரு சொல்லும் தருவார்கள். அந்தச் சொல்லைத் துளியும் மாற்றாமல், அதையும் சேர்த்து மூன்று முதல் ஆறு சொற்களில் இரண்டாவது வாக்கியத்தின் இடைவெளியை நிரப்ப வேண்டும். நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டு: 'இட் இஸ் யூஸ்லெஸ் டு ஆர்க்யூ வித் ஹிம்.' தந்த சொல் 'பாயிண்ட்'. நிரப்ப வேண்டியது: 'தேர் … வித் ஹிம்.' விடை, 'இஸ் நோ பாயிண்ட் இன் ஆர்க்யூயிங்'.

தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அவரோடு வாதாடிப் பயனில்லை.' பயனில்லை என்பது ஒரு துண்டு, வாதாடி என்பது இன்னொன்று. விடையிலும் 'இஸ் நோ பாயிண்ட்' ஒரு மதிப்பெண், 'இன் ஆர்க்யூயிங்' ஒரு மதிப்பெண். முழு விடை தெரியாவிட்டாலும் பாதியையாவது எழுதுங்கள். எந்தப் பகுதியிலும் தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது, அதனால் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது.

படி 7: வாசிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத் தந்திரத்தைவிடத் தினசரி வாசிப்பே உதவும். பிடிக்கிற துறையில் நீளமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றை நாள்தோறும் படியுங்கள். கடினமானது ஏழாம் பகுதி. ஆறு பத்திகளை உருவிவிட்டு ஏழைக் கொடுப்பார்கள், ஒன்று பொருந்தாது. பத்தியின் முதல் வரியில் 'திஸ்', 'சச்', 'தே' போன்ற சுட்டுச் சொல் யாரைச் சுட்டுகிறது என்று தேடினால் பாதி விடை வந்துவிடும்.

படி 8: எழுத்து

முதல் கேள்வி கட்டாயம், ஒரு வாதக் கட்டுரை. மூன்று குறிப்புகள் தருவார்கள். இரண்டை மட்டும் எடுத்து விவாதித்து, எது முக்கியம் என்று காரணத்தோடு முடிக்க வேண்டும். மூன்றையும் இழுத்துப் போட்டால் எதையும் ஆழமாகச் சொல்ல முடியாது. இரண்டாவது, கடிதம் அல்லது மின்னஞ்சல், அறிக்கை, முன்மொழிவு, விமர்சனம் ஆகியவற்றிலிருந்து தரும் மூன்றில் ஒன்று. ஒவ்வொன்றும் 220 முதல் 260 சொல்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதற்கு ஏற்ற நடை இங்கே பெரிதாகப் பார்க்கப்படும். இதில் நமக்கு ஒரு பிறவிச் சொத்து உண்டு. வீட்டில் 'வந்துட்டேன்' என்று பேசிவிட்டு விண்ணப்பத்தில் 'வந்தடைந்தேன்' என்று எழுதுகிறவர்கள் நாம், இரண்டு நடைகளுக்கிடையே தாவுவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. அதே உணர்வை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோங்கள். நண்பருக்கு எழுதும்போது 'ஐ'ம்' என்று சுருக்கலாம், முன்மொழிவில் வேண்டாம். ஆனால் பள்ளிக்கூட அனுப்புநர், பெறுநர் அமைப்பு இங்கே வேண்டாம், முகவரி எழுதத் தேவையில்லை. 'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்பதை மொழிபெயர்த்து 'ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்' என்று எழுதினால் அவர்கள் காதுக்கு மிகப் பழைய நடையாகக் கேட்கும்.

ஒரு கேள்விக்கு 45 நிமிடம். பத்து நிமிடம் திட்டம், முப்பது நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் திருத்தம். திருத்தும்போது நான்காம் படியில் கண்ட உங்கள் ஐந்தாறு பிழை வகைகளை மட்டும் தேடுங்கள்.

படி 9: கேட்டல்

எல்லா ஒலிப்பதிவும் இரண்டு முறை ஓடும். இரண்டாம் பகுதியில் எழுத்துக்கூட்டல் சரியாக இருக்க வேண்டும். நான்காம் பகுதியில் ஐந்து பேர் பேசுவார்கள், ஒரே நேரத்தில் இரண்டு கேள்வித் தொகுப்புகளுக்கு விடை தேட வேண்டும். முதல் முறை ஒன்றை, இரண்டாம் முறை மற்றதை என்று பிரித்துக்கொண்டது எனக்கு ஒத்துவந்தது. தயாரிப்புக்கு பிபிசி ரேடியோ ஃபோர் நேர்காணல்கள் நல்லவை. எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் கேளுங்கள்.

படி 10: பேச்சு

அறையில் உங்களோடு இன்னொரு தேர்வர் இருப்பார். ஒரு தேர்வாளர் பேசுவார், மற்றவர் குறிப்பெடுப்பார். பக்கத்திலிருப்பவரை முந்துவது அல்ல வேலை, அவரோடு உரையாடுவதற்கே தனி மதிப்பெண் உண்டு. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடருங்கள், அவர் தயங்கினால் கேள்வி கேட்டு இழுத்துவிடுங்கள்.

படப் பகுதியில் மூன்றில் இரண்டு படங்களைத் தேர்ந்து ஒரு நிமிடம் ஒப்பிட வேண்டும். சட்டை நீலம், மேசை மரம் என்று அடுக்காமல், அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள், என்ன உணர்கிறார்கள் என்று ஊகியுங்கள். 'மைட் பி', 'லுக்ஸ் அஸ் இஃப்' போன்றவை இங்கே கைகொடுக்கும்.

உச்சரிப்பில் வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை, தெளிவாகப் புரிந்தால் போதும். இரண்டை மட்டும் திருத்துங்கள். ஒன்று, சொல்லின் கடைசியில் நாம் ஒட்டும் உகரம்: 'பஸ்ஸு', 'புக்கு'. இரண்டு, அசை அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபி' என்றால் இரண்டாவதில். கைபேசியில் பதிந்து கேட்டுப் பாருங்கள். முதல் நாள் நம் குரலையே கேட்கப் பிடிக்காது, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

முடிவு வந்த பிறகு

கேம்பிரிட்ஜின் முதல் ஆங்கிலத் தேர்வு, இன்று சி2 ப்ரொஃபிஷியன்சி எனப்படுவது, 1913இல் நடந்தது. எழுதியவர்கள் மூன்று பேர், மூவருமே தேறவில்லை. உங்களுக்கு 160 முதல் 179க்குள் வந்தால் சி1 கிடைக்காது, ஆனால் பி2 நிலை என்று சான்றிதழ் வரும். அதிலும் ஐந்து மதிப்பெண்கள் தனித்தனியாக இருக்கும். மிகக் குறைந்த ஒன்றைச் சுழித்துவிட்டு, அதற்குரிய படிக்கு மேலே திரும்பிப் போய், நோட்டில் புதுப் பக்கம் திருப்புங்கள்.