மின் கோணமும் இயந்திரக் கோணமும்: ஸ்லாட்டை எண்ணிப் புரிந்துகொள்வோம்

மோட்டாரின் மூன்று ஃபேஸ்களுக்கும் (மூன்று மின்சுற்றுகளுக்கும்) இடையே 120 டிகிரி என்று படிக்கிறோம். நான்கு துருவ மோட்டாரின் ஸ்டேட்டாரில் (சுழலாத பகுதியில்) அளந்து பார்த்தாலோ 60 டிகிரிதான் வருகிறது. இரண்டுமே சரி. முதலாவது மின் கோணம், இரண்டாவது இயந்திரக் கோணம்.

படி 1: இயந்திரக் கோணம் என்பது ரோட்டார் (சுழலும் பகுதி) திரும்பும் கோணம். ஒரு முழுச் சுற்றுக்கு 360 டிகிரி. துருவங்கள் எத்தனை இருந்தாலும் இது மாறாது.

படி 2: மின் கோணத்தைக் காயிலின் (கம்பிச் சுருளின்) பக்கமிருந்து பாருங்கள். ஒரு வடதுருவம் கடக்கிறது, பின் ஒரு தென்துருவம் கடக்கிறது, அடுத்த வடதுருவம் வந்து நிற்கிறது. இதற்குள் காயிலில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஓர் அலையை முடித்துவிடும். அதுவே 360 மின் டிகிரி. நான்கு துருவ இயந்திரத்தில் இது அரைச் சுற்றிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே முழுச் சுற்றுக்கு 720 மின் டிகிரி.

படி 3: இதிலிருந்து சூத்திரம் தானே வருகிறது.

மின் கோணம் = (துருவங்கள் ÷ 2) × இயந்திரக் கோணம்

பலர் தடுமாறுவது அந்த 2ஆல் வகுப்பதில்தான். பெருக்க வேண்டியது துருவ ஜோடிகளின் எண்ணிக்கையால்.

படி 4: இனி 36 ஸ்லாட் (காயில் பதிக்கும் பள்ளம்), 4 துருவ ஸ்டேட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாளில் வட்டம் வரைந்து கூடவே எண்ணினால் நன்றாகப் பதியும்.

ஒரு துருவத்துக்கு 9 ஸ்லாட். அடுத்தடுத்த துருவங்களின் மையங்களுக்கு இடையே எப்போதும் 180 மின் டிகிரி என்பதால், ஒரு ஸ்லாட்டுக்கு 20 மின் டிகிரி. இயந்திரக் கணக்கில் 10. முழுப் பிட்ச் காயிலின் (இரு பக்கங்களும் 180 மின் டிகிரி தள்ளி அமையும் காயிலின்) ஒரு பக்கம் 1ஆம் ஸ்லாட்டில் என்றால் மறுபக்கம் 10ஆம் ஸ்லாட்டில். 120 மின் டிகிரிக்கு 6 ஸ்லாட் தள்ள வேண்டும். ஆகவே மூன்று ஃபேஸ்களை ஆர், ஒய், பி என்று அழைத்தால், ஆர் 1இல் தொடங்கும்போது ஒய் 7இலும் பி 13இலும் தொடங்கலாம். ஆறு ஸ்லாட் என்பது 60 இயந்திர டிகிரி. நாம் அளந்தது இதைத்தான்.

படி 5: வேகமும் இதே கணக்குதான். 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அலையில், ஸ்டேட்டாரின் காந்தப்புலம் இரண்டு துருவத்துக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றும், நான்குக்கு 1500 சுற்றும் சுழலும்.

ரோட்டாரின் நிலையை அறியும் சென்சார் வைத்து ஓட்டும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டாரில் இன்னும் கவனம் வேண்டும். 14 துருவ மோட்டாரில் சென்சார் 1 இயந்திர டிகிரி விலகிப் பொருந்தினால், கன்ட்ரோலருக்கு அது 7 மின் டிகிரிப் பிழை.