தெற்கு ரோன் சிவப்பு ஒயின்: கலவையைப் பிரித்துச் சுவைப்பது எப்படி?

பிரான்ஸின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கில் லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது ஊர்ப்பெயர்: ஜிகோந்தாஸ், வாக்கெராஸ், ஷாத்தோநெஃப்-டு-பாப். திராட்சை ரகத்தின் பெயர் இருந்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே கலவைதான் வழக்கம். ஷாத்தோநெஃப்பில் 13 ரகங்களுக்கு அனுமதி உண்டு. பழகுவதற்கு கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் மூன்றே போதும்.

1. வாங்க வேண்டியவை. ஒரு கோத்-து-ரோன் (ரோன் பள்ளத்தாக்கின் பொதுவான ஒயின்) சிவப்பு, கலவையாக. கூடவே ரகம் ரகமாக மூன்று: ஸ்பெயினின் கர்நாச்சா (கிரெனாஷேதான்), வடக்கு ரோனின் க்ரோஸ்-எர்மிதாழ் (ஏறக்குறைய முழுக்க சிரா), ஸ்பெயினில் ஹுமியாவின் மொனாஸ்த்ரெல் (மூர்வெத்ரின் ஸ்பானியப் பெயர்). நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

2. குளிர்ச்சி. 16–18 டிகிரி. ‘அறை வெப்பநிலை’ என்பது ஐரோப்பியக் குளிர் வீடுகளின் கணக்கு. 30 டிகிரி வெயிலில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். கிரெனாஷில் அது 14–15 சதவீதம். ஃபிரிட்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

3. பார்த்து, முகர்ந்து. வாய் குறுகிய கிளாஸில் 50 மி.லி. போதும், நிறைய ஊற்றினால் சுழற்ற இடமிருக்காது. வெள்ளைத் தாள்மேல் சாய்த்தால் கிரெனாஷ் வெளிறித் தெரியும், மற்ற இரண்டும் கருஞ்சிவப்பு. கிரெனாஷில் ஸ்ட்ராபெரி, உலர்ந்த மூலிகை. சிராவில் கருமிளகு, ஆலிவ். மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது எட்டவே எட்டாது, பயிற்சிக் குறை அல்ல. மூர்வெத்ரில் தோல், இறைச்சி வாடை.

4. வாயில். ஒரு மடக்கை 10 விநாடி வைத்திருந்து துப்புங்கள். கிரெனாஷ் இனிப்பதுபோல் இருக்கும். பெரும்பாலும் அது சர்க்கரையல்ல, ஆல்கஹாலும் பழுத்த பழமும் செய்யும் மாயம். மூர்வெத்ரின் துவர்ப்பு பாக்கு மென்றதுபோல் ஈறைப் பிடிக்கும். காரமான சாப்பாட்டுக்குப் பிறகு சுவைத்தால் துவர்ப்பும் எரிச்சலும் இரட்டிப்பாகும்.

5. கலக்குங்கள். ஊசியில்லாத மருந்து சிரிஞ்சால் கிரெனாஷ் 30, சிரா 15, மூர்வெத்ர் 5 மி.லி. சிரா சேர்ந்ததும் நிறம் இறுகும். அடுத்த கிளாஸில் மூர்வெத்ரை 10 ஆக்கி, கிரெனாஷை 25 ஆகக் குறையுங்கள்: பழம் பின்வாங்கி ஈறு உலரும். கிரெனாஷ் காற்றுப் பட்டால் எளிதில் கெடும், மூர்வெத்ர் தாக்குப்பிடிக்கும். இந்தக் கூட்டணி ருசிக்காக மட்டும் அமைந்ததல்ல.

இப்போது கோத்-து-ரோனைச் சுவையுங்கள். உங்கள் கலவை அதேபோல் இருக்காது, அதில் இரண்டு பாட்டில்கள் ஸ்பெயினில் விளைந்தவை. மூன்று ரகங்களில் சிரா மட்டுமே பிறப்பால் ரோன் பக்கத்துப் பிள்ளை. தெற்கு ரோனில் மற்ற இரண்டும் ஸ்பெயினிலிருந்து வந்து, மூர்வெத்ரைப் பழுக்க வைக்கும் வெயிலிலும் கொடியை உலர்த்திப் பூஞ்சையை விரட்டும் மிஸ்ட்ரல் காற்றிலும் ஊன்றியவை.

ஒரு எச்சரிக்கை: நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. குதிரை லாயமும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரும் கலந்த நெடி என்றால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. அதை மூர்வெத்ரின் குணம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.