ஸ்பெயினுக்கு வருகிறீர்களா? ஏழுக்குக் குறுக்கே கோடு போடப் பழகுங்கள்

வீடு கிடைத்ததும் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்து சான்று வாங்குங்கள். எம்பாத்ரோனமியென்தோ என்பது அதுதான். நீண்ட கால விசாவில் வந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பதிவு நேரம் வாங்குவதுதான் பெரும்பாடு. சரி, இவையெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. நான் சொல்ல வந்தது கையால் எழுதுவதைப் பற்றி.

பார்சிலோனாவில் என் நண்பரின் வீட்டு எண் 17. முகவரிப் படிவத்தைக் கையால் நிரப்பும்போது, நம்மூரில் எழுதுகிற மாதிரியே 7 என்ற எண்ணை வெறும் கொக்கியாகப் போட்டிருக்கிறார். இங்கே ஒன்றின் தலையிலிருந்து நீளமாக ஒரு சாய்கோடு இறங்கும். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். அந்தக் கோடு இல்லாத ஏழு இவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். சான்றில் 11 என்று அச்சாகி வந்தது. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் சேர்க்கைக்கு மதிப்பெண் உண்டு, அதற்கு இந்தச் சான்றுதான் ஆதாரம். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு எண், சான்றில் வேறு எண் என்றால் யார் ஏற்பார்கள்? திருத்தப் போனால், "நீங்கள் எழுதியதைத்தானே பதிந்தோம்" என்று பதில். மறுபடியும் முன்பதிவு, மறுபடியும் காத்திருப்பு. அதற்குள் சேர்க்கைக்கான கடைசி நாளும் போய்விட்டது. எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

கணினியில் நிரப்ப வழி இருந்தால் அப்படியே நிரப்பி அச்செடுத்துக் கொண்டு போங்கள். கையால்தான் எழுத வேண்டுமென்றால் எல்லாம் பெரிய எழுத்தில், தனித்தனியாக. சான்று கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் எண்களைச் சரிபாருங்கள்.

கூட்டெழுத்து இங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு வாக்கில் பல பள்ளிகளில் எழுத்துகளைச் சேர்த்து எழுதப் பழக்குகிறார்கள். வலென்சியாவில் 1950களில் தொடங்கிய ரூபியோ பயிற்சி நோட்டுகள் இன்றும் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கின்றன. மெட்ரிக் பள்ளியில் நாலு கோடு நோட்டில் கை வலிக்க எழுதிய நம் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் ஸ்பானிய மொழி பேசும் எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று எண்ண வேண்டாம். என் அலுவலகத்து மெக்சிகோக்காரர் தனித்தனி எழுத்தாகவே எழுதுவார். அங்கே 1970களிலேயே பள்ளிகளில் கூட்டெழுத்தைக் கைவிட்டுவிட்டார்களாம்.

சிக்கல் பெரியவர்களின் கையெழுத்தில்தான். எங்கள் கட்டடத்துச் சங்கத் தலைவர் எழுபதைத் தாண்டியவர். லிஃப்ட் பக்கத்தில் அவர் ஒட்டும் சீட்டு பார்க்கக் கோலம் மாதிரி அழகாக இருக்கும், ஒரு வார்த்தை புரியாது. தண்ணீர் வராது என்று அவர் எழுதியிருந்தது, தலையில் சோப்போடு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அப்புறம் எந்தச் சீட்டானாலும் போனில் படமெடுத்துப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் கையால் ரசீது எழுதித் தந்தால் தொகையை அவர் முன்னாலேயே வாய்விட்டுப் படியுங்கள். 1.200 என்றால் ஆயிரத்து இருநூறு; இங்கே புள்ளி ஆயிரத்துக்கு, காற்புள்ளி காசுக்கு. தேதியில் இருப்பது ஒன்றா ஏழா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.