பார்டர், ஃபென்டனில், இமிக்ரேஷன்: மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாம வாதாடுறது எப்படி

போன தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு மச்சான் வீட்ல சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருந்தப்ப பேச்சு மெக்சிகோ பார்டர் பக்கமும் அது வழியா வர்ற ஃபென்டனில்ங்கற போதைமருந்து பக்கமும் போச்சு, நானும் சும்மா இருக்காம "ஃபென்டனில் கடத்தல் கேஸ்ல தண்டனை வாங்குறவங்கள்ல பத்துல எட்டு பேருக்கு மேல அமெரிக்க சிட்டிசன்ஸ்தான், தெரியுமா"ன்னு பெரிய மேதாவி மாதிரி அடிச்சு விட்டேன். மச்சான் டம்ளரை நிதானமா கீழ வெச்சுட்டு "மாப்ள, அது பார்டர்ல கொண்டு வந்தவங்க கணக்கா, இல்ல உள்ள தெருமுனைல வித்தவனும் அதுல சேர்த்தியா"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அவர் சொன்னது சரி, அந்த கணக்கு நாடு முழுக்க ஃபெடரல் கோர்ட்ல ஃபென்டனில் கடத்தலுக்கு தண்டனை வாங்கின எல்லாரையும் சேர்த்தது, பார்டர்ல பிடிபட்டவங்க மட்டும் இல்ல. நான் சொன்ன நம்பர் தப்பில்ல, ஆனா நான் அதை வெச்சு நிரூபிக்க நினைச்ச விஷயத்துக்கு அது பாதி சாட்சிதான்.

அதுக்கப்புறம் இந்த டாபிக்ல வாய் திறக்குறதுக்கு முன்னாடி என்னல்லாம் பாக்கணும்னு எனக்கே ஒரு பழக்கம் பண்ணிக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதுறேன். நீங்க எந்த கட்சிப் பக்கம் இருந்தாலும் இது உதவும், எதிர்ல இருக்கிறவர் மனசை மாத்துமான்னு கேட்டா அது வேற விஷயம்.

முதல்ல முடிச்சை அவிழுங்க

இந்த சண்டைல தொண்ணூறு சதவீதம் குழப்பம் எங்கன்னா, மூணு தனித்தனி விஷயத்தை ஒரே மூட்டையா கட்டிருவாங்க. போதைப்பொருள் எப்படி உள்ள வருதுங்கறது ஒண்ணு. ஆளுங்க எப்படி உள்ள வர்றாங்கங்கறது இன்னொண்ணு. வந்தவங்களையும் வர நினைக்கிறவங்களையும் சட்டம் என்ன பண்ணணும்ங்கறது மூணாவது. ஒருத்தர் "பார்டரை மூடுங்க, பிள்ளைங்க ஓவர்டோஸ்ல சாகுதுங்க"ன்னு சொன்னா அதுல முதலாவதும் ரெண்டாவதும் ஒட்டிக்கிட்டு இருக்கு. "அகதிங்க பாவம், சுவர் எதுக்கு"ன்னு சொன்னா ரெண்டாவதும் மூணாவதும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால பதில் சொல்றதுக்கு முன்னாடி "இதுல நாம எதைப் பத்திப் பேசுறோம் அண்ணா, மருந்தா, ஆளா, சட்டமா"ன்னு ஒரு கேள்வி போடுங்க. கேக்க சாதாரணமாத்தான் இருக்கும், ஆனா பாதி நேரம் சண்டையே இங்கயே தணிஞ்சுரும், ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்கு கத்திக்கிட்டு இருந்தது அப்பத்தான் தெரியும்.

அதே மாதிரி யார் என்ன வேலை பாக்குறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க. சான் இசிட்ரோ, நோகாலஸ் மாதிரி பார்டர் கேட்ல (முறைப்படி உள்ள வர்ற வாசல்) நீல யூனிஃபார்ம்ல நின்னு பாஸ்போர்ட் பாக்குறவங்க சிபிபிங்கற கஸ்டம்ஸ், பார்டர் பாதுகாப்பு ஏஜென்சியோட ஒரு பிரிவு. கேட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல பாலைவனத்துலயும் ஆத்தங்கரைலயும் பச்சை யூனிஃபார்ம்ல சுத்துறது பார்டர் பட்ரோல், அதுவும் சிபிபிதான். நாட்டுக்குள்ள தேடிப் புடிச்சு டிபோர்ட் பண்றது ஐஸ் (ICE)ங்கற ஏஜென்சி. நம்ம விசா, கிரீன் கார்டு பேப்பரை பாக்குறது யூஎஸ்சிஐஎஸ். இவ்வளவும் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி டிபார்ட்மென்ட் குடைக்குள்ள இருக்கு, ஆனா இமிக்ரேஷன் கோர்ட் மட்டும் அதுலயும் இல்ல, சுதந்திரமான நீதித்துறைலயும் இல்ல, ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்கு கீழ இருக்கு. அதாவது அந்த ஜட்ஜுக்கு மேலதிகாரி அந்த டிபார்ட்மென்ட் தலைவரான அட்டர்னி ஜெனரல். இது தெரியாம "கோர்ட்டே சொல்லிருச்சு"ன்னு யாராவது ஆரம்பிச்சா, எந்த கோர்ட்டுன்னு கேளுங்க.

நம்பர் வந்தா விடாதீங்க

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க. 2023 நிதியாண்டுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டா ஒருத்தர் 32 லட்சம்பாரு, ஒருத்தர் 25 லட்சம்பாரு, இன்னொருத்தர் 20 லட்சம்பாரு, மூணு பேர் சொல்றதும் சிபிபி கணக்குதான், யாரும் பொய் சொல்லல. 32 லட்சம் நாடு முழுக்க, அதாவது ஏர்போர்ட், கனடா பார்டர், கடற்கரை எல்லாம் சேர்த்து. 25 லட்சத்தை ஒட்டி வர்றது தென்மேற்கு பார்டர் (மெக்சிகோ பக்கம்) மட்டும், ஆனா கேட்டுக்கு வந்தவங்களும் உண்டு, அதுலயே சிபிபி ஒன் ஆப்ல அப்பாயின்ட்மென்ட் போட்டு வரிசைல வந்தவங்களும் உண்டு. 20 லட்சத்துக்கு கொஞ்சம் மேல வர்றது அதே பார்டர்ல கேட் இல்லாத இடத்துல பார்டர் பட்ரோல் பிடிச்சது. "கள்ளத்தனமா ஏறி வந்தவங்க"ன்னு சொல்ல நினைச்சா மூணாவதுதான் கிட்டத்துல வரும்.

கிட்டத்துலதான், ஏன்னா அதுவும் தலைக்கணக்கு இல்ல. சிபிபி இதை என்கவுன்ட்டர்னு எண்ணுது, நம்ம ஊர் போலீஸ் என்கவுன்ட்டர் இல்ல, ஒரு தடவை பிடிபட்டதுன்னு அர்த்தம், ஒரே ஆள் மூணு தடவை பிடிபட்டா மூணு. 2020 மார்ச்லருந்து 2023 மே 11 வரைக்கும் டைட்டில் 42ன்னு கோவிட் காலத்து விதி ஒண்ணு இருந்துச்சு, பிடிச்ச கையோட கேஸ் ஏதும் போடாம திருப்பி அனுப்பிருவாங்க, கேஸ் இல்லேன்னா பயமும் இல்ல, மறுநாளே திரும்ப வருவாங்க. 2021 நிதியாண்டுல பிடிபட்டவங்கள்ல நாலுல ஒருத்தர் அளவுக்கு அதே வருஷம் மறுபடி பிடிபட்டவங்க. அந்த வருஷத்து நம்பரை எடுத்து "இத்தனை லட்சம் புது ஆளுங்க"ன்னு சொன்னா தப்பு.

ஆனா இதைச் சொல்லிட்டு ஜெயிச்சுட்டோம்னு எந்திரிச்சுப் போயிராதீங்க, ஏன்னா எதிர்க் கட்சி கைல காட்அவேன்னு ஒரு சீட்டு இருக்கு. கேமராலயோ காலடித் தடத்துலயோ தெரிஞ்சு, பிடிக்க முடியாம போனவங்க. 2022லயும் 2023லயும் வருஷத்துக்கு 6 லட்சத்துக்கு மேலன்னு அரசாங்கமே கணக்கு சொல்லுது. இது அந்த மூணு நம்பர்லயும் கிடையாது. அதனால ஒரு பக்கம் ஊதிப் பெருசாகுது, இன்னொரு பக்கம் குறையுது, ரெண்டையும் நீங்களே முந்திக்கிட்டு சொல்லிட்டா எதிர்ல இருக்கிறவருக்கு கோபம் பாதி இறங்கிரும்.

இன்னொரு சின்ன விஷயம், அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1ல ஆரம்பிக்குது. "இந்த வருஷம்"னு சொல்ற சார்ட்டை பாத்தா எந்த மாசத்துல ஆரம்பிக்குதுன்னு முதல்ல பாருங்க, சில பேர் ஜனவரிலருந்து வெட்டி ஒட்டியிருப்பாங்க, சிலர் 2023 டிசம்பரை உச்சில வெச்சு (அந்த ஒரே மாசம் தென்மேற்குல பார்டர் பட்ரோல் மட்டும் கிட்டத்தட்ட 2.5 லட்சம்) எல்லா மாசமும் அப்படித்தான்னு காட்டுவாங்க.

ஃபென்டனில் பேச்சு

இங்க கணக்குப் பாடம் ஒண்ணு வேணும். டிஇஏங்கற போதைமருந்து தடுப்பு ஏஜென்சி சொல்றபடி 2 மில்லிகிராம் ஃபென்டனில் ஒரு ஆளைக் கொல்லப் போதும். அப்படின்னா ஒரு கிலோல 5 லட்சம் பேருக்கான அளவு இருக்கு. கடத்துறவன் எடத்துல உக்காந்து யோசிங்க, இவ்வளவு சின்ன பொட்டலத்தை தினம் ஆயிரக்கணக்குல வண்டி போற கேட்ல கார் கதவுக்குள்ள வெச்சு அனுப்புவானா, இல்ல முதுகுல கட்டி நாலு நாள் பாலைவனத்துல நடக்க விடுவானா. கஞ்சா மூட்டை மூட்டையா இருக்கும், வாசனையும் வரும், அதனால அது கேட் இல்லாத இடத்துல நிறைய வந்துச்சு, 2012ல கொலராடோவும் வாஷிங்டனும் கஞ்சாவை சட்டமாக்கி, ஒவ்வொரு ஸ்டேட்டா பின்னாடி வர, அந்த யாவாரம் படுத்துருச்சு. 2019 ஜனவரில நோகாலஸ் கேட்ல ஒரு லாரியை நிறுத்திப் பாத்தாங்க, மேல வெள்ளரிக்காய், தரைக்கு அடில ரகசிய அறை, அதுக்குள்ள 115 கிலோ ஃபென்டனில். 2023 நிதியாண்டுல சிபிபி பிடிச்சது சுமார் 12,000 கிலோ, அதுல பெரும்பங்கு கேட்லயும் செக்பாயின்ட்லயும்தான் மாட்டுச்சு.

இப்ப மச்சான் மாதிரி ஆள் என்ன கேப்பாருன்னா, "கேட்ல தேடுறீங்க, அதனால கேட்ல கிடைக்குது, தேடாத எடத்துல என்ன போகுதுன்னு யாருக்குத் தெரியும்". நியாயமான கேள்வி, இதை கிண்டல் பண்ணாதீங்க. என்னோட பதில், பார்டர் பட்ரோலும் ஆளுங்களைப் பிடிக்கிறப்ப மூட்டையை சோதிக்கிறாங்க, லட்சக்கணக்கான ஆளுங்களைப் பிடிச்சும் அங்க கிடைக்கிற ஃபென்டனில் கம்மி, சிட்டிசனோ விசா வெச்சிருக்கிறவரோ ஓட்டிட்டு வந்தா கேட்ல சந்தேகம் கம்மி, அதனால கார்டெலுக்கு (மெக்சிகோ கடத்தல் கும்பல்) லாபம் அதுல. இது நிரூபணம் இல்ல, வலுவான ஊகம், அப்படியே சொல்லுங்க. அப்புறம் "சரி, அப்ப கேட்ல ஸ்கேனர் கூட்டுறதுக்கு நீங்க சரின்னு சொல்வீங்களா"ன்னு கேளுங்க. சுவர் வேணும்ங்கறவரும் வேண்டாம்ங்கறவரும் ஒத்துப்போற எடம் இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

சரக்கு எங்கருந்து வருதுன்னும் தெரிஞ்சிருக்கணும். முன்னாடி சீனாலருந்து நேரா தபால்லயே வந்துச்சு, 2019 மே மாசம் சீனா ஃபென்டனில் வகை முழுக்கவும் கட்டுப்பாட்டுல கொண்டு வந்ததும் வழி மாறி, மூலப்பொருள் கெமிக்கல் மட்டும் அங்கருந்து மெக்சிகோ போகுது, சினலோவா கார்டெலும் ஹலிஸ்கோ கார்டெலும் அங்க மாத்திரையா அடிக்கிறாங்க. ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழி, இதைச் சொன்னா "அப்ப எதையும் அடைக்க வேணாமா"ன்னு கேப்பாங்க, அப்படி இல்ல, அடைக்கிறப்ப அடுத்த வழி எதுன்னு யோசிக்கணும்னு சொல்லுங்க. சுவர் கதையும் இதேதான். 1994ல சான் டியேகோல ஆபரேஷன் கேட்கீப்பர்னு வேலியும் ஆளும் குவிச்சாங்க, அங்க ஆள் வர்றது நிஜமாவே கொறஞ்சுச்சு, கூட்டம் கிழக்கால அரிசோனா பாலைவனத்துக்கு நகர்ந்துச்சு, அங்க தாகத்துல செத்தவங்க நிறைய. சுவர் வேலை செய்யாதுன்னு சொல்றவரும் இதைப் படிக்கணும், சுவர் போதும்னு சொல்றவரும் படிக்கணும்.

"நாங்க லைன்ல நிக்கிறோம், அவன் ஏறிக் குதிக்கிறான்"

நம்ம ஆளுங்க இருக்கிற எந்த வாட்ஸ்அப் குரூப்லயும் இது வந்துரும், ஏன்னா வலி உண்மை, நானும் கிரீன் கார்டு க்யூல நிக்கிறவன்தான். ஆனா அந்த லைன் எதுன்னு பாக்கணும். வேலை வழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம், அதனாலதான் நாம நிக்கிறோம். அசைலம் (அகதி அடைக்கலம்) கிடைச்சு கிரீன் கார்டு வாங்குறவங்க இந்த 1,40,000லருந்து ஒண்ணு கூட எடுக்கிறதில்ல, அது தனிக் கணக்கு. ஹொண்டூராஸ்ல தோட்ட வேலை பாக்குறவருக்கு நிக்கிறதுக்கு லைனே கிடையாதுன்னு சொல்லலாம், படிப்பு தேவைப்படாத வேலைக்கு நாடுகள் எல்லாத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 10,000க்கு மேல கிடையாது. சீசன் விவசாய வேலைக்கு ஹெச்2ஏ விசா இருக்கு, ஆனா அது தற்காலிகம்.

இன்னும் ஒண்ணு, அவன் இவன்னு பேசுறப்ப கொஞ்சம் பாத்துப் பேசுங்க. 2023 நிதியாண்டுல பிடிபட்ட இந்தியர்கள் கிட்டத்தட்ட 97,000. 2025 பிப்ரவரில ராணுவ விமானத்துல திருப்பி அனுப்பி அமிர்தசரஸ்ல இறக்குன 104 பேரும் நம்ம நாட்டுக்காரங்கதான்.

சட்டவிரோதம்ங்கற வார்த்தைலயும் வித்தியாசம் இருக்கு. கேட் இல்லாத எடத்துல நுழைஞ்சா முதல் தடவை சின்ன கிரிமினல் குற்றம், ஆறு மாசம் வரை ஜெயில். டிபோர்ட் ஆகி மறுபடி நுழைஞ்சா பெரிய குற்றம். ஒழுங்கா விசால வந்து தேதி முடிஞ்சும் தங்கிட்டா அது சிவில் மீறல், கிரிமினல் இல்ல. அசைலம் சட்டம் (1980 ரெஃப்யூஜி ஆக்ட்) எந்த எடத்துல நுழைஞ்சிருந்தாலும் கேக்கலாம்னு சொல்லுது, ஆனா 2024 ஜூன்ல பைடன் அதைக் குறுக்கி ஒரு ஆர்டர் போட்டாரு, 2025 ஜனவரி 20 ட்ரம்ப் வந்த அன்னைக்கே அதைவிடக் கடுமையா ஒண்ணு போட்டாரு, ரெண்டுமே கோர்ட்டுக்குப் போச்சு. அதனால "அசைலம் கேக்கறது சட்டப்படி உரிமை"ன்னு ஒரே வரில முடிச்சா மாட்டிக்குவீங்க. கேக்க முடிஞ்ச காலத்துலயும் கேட்டவங்க வருஷக்கணக்குல காத்திருந்தாங்க, 2023 கடைசில இமிக்ரேஷன் கோர்ட்ல தேங்கின கேஸ் 30 லட்சத்தைத் தாண்டுச்சு, அந்த காத்திருப்பே வர்றவங்களுக்கு ஒரு ஈர்ப்புன்னு மச்சான் சொல்றாரு, அதுல எனக்கு மறுப்பு இல்ல.

உங்க பக்கத்துக்கு எதிரான உண்மையை நீங்களே சொல்லுங்க

கஷ்டம்தான், ஆனா இதை செய்யாம மத்ததெல்லாம் செஞ்சு பிரயோஜனம் இல்ல. பாலிசியால ஒண்ணும் மாறாது, வறுமை தள்ளுது அவ்ளோதான்னு நான் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தேன், 2025 நிதியாண்டுல தென்மேற்குல பார்டர் பட்ரோல் பிடிச்சது 2.5 லட்சத்துக்கும் கீழ போச்சு, ரெண்டே வருஷம் முன்னாடி ஒரே மாசத்துல வந்த எண்ணிக்கை அது, வறுமை ரெண்டு வருஷத்துல ஓடிப்போகல, அதனால அந்த வாதத்தை விட்டுட்டேன். அதே மாதிரி அந்தப் பக்கம் "டெமாக்ரட்ஸ் பார்டருக்கு ஒண்ணும் செய்ய மாட்டாங்க"ன்னு சொன்னா 2024 பிப்ரவரில செனட்ல லாங்க்ஃபோர்டு (ரிபப்ளிகன்), மர்ஃபி (டெமாக்ரட்), கிர்ஸ்டன் சினிமா (சுயேச்சை) மூணு செனட்டரும் சேர்ந்து பார்டரை இறுக்க எழுதின மசோதாவை எடுத்து வைங்க, அதை யார் கவுத்தாங்கன்னு அவரே சொல்லட்டும்.

குரல் ஏற ஆரம்பிச்சா நிறுத்திருங்க. நான் ஒரு தடவை மட்டும்தான் நிறுத்தல, அந்த வாரம் பூரா வீட்ல எனக்கு யாரும் காபி போட்டுத் தரல.

போன மாசம் மச்சான் ஒரு சார்ட் அனுப்பினாரு. நான் எதுவும் கேக்கறதுக்கு முன்னாடியே கீழ அவரே டைப் பண்ணியிருந்தாரு: "பார்டர் பட்ரோல் மட்டும், தென்மேற்கு மட்டும், அக்டோபர்லருந்து. இப்ப சொல்லுங்க மாப்ள." ரெண்டு ப்ளூ டிக் விழுந்து மூணு நாள் ஆச்சு, இன்னும் பதில் டைப் பண்ணி அழிச்சுட்டு இருக்கேன்.